கேக்கில் வைத்த லேபிள்

அந்தக் கேக்கைக் கடையில் வாங்கியிருக்கலாம் என்று சொந்தத்தில் சிலர் இன்றைக்கும் சொல்கிறார்கள். வாங்கியிருக்கலாம்தான். மண்ணரையில் எங்கள் லைன் வீட்டிலிருந்து கிளம்பினால் பஸ் ஸ்டாண்டு போய்ச் சேர்வதற்குள் பத்துப் பேக்கரி வரும். ஒன்றில்கூட நான் வண்டியை நிறுத்தவில்லை. ஏன் என்று அப்போது யாருக்கும் விளக்கவும் இல்லை. நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு வாய் திறக்காது. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதால் இங்கே சொல்கிறேன்.

நான் பனியன் கம்பெனியில் டெய்லர். பத்தாவது வரை படித்தேன். இருபத்தேழு வருடமாகத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். எல்லா மெஷினும் ஓட்டியாயிற்று. கடைசிப் பத்து வருடமாக லேபிள் வைக்கும் வேலை. சட்டையின் பின்கழுத்தில் கம்பெனிப் பெயர் போட்ட சின்னத் துணி இருக்குமே, அதை வைத்துத் தைப்பது. என் மனைவி வேறொரு கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் துணியில் எங்கே குறை இருக்கிறதோ அங்கே சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டித் திருப்பி அனுப்புவது அவள் வேலை. வீட்டிலும் அவளுக்கு அதே கண்தான்.

என் தங்கையின் வீட்டுக்காரர் ஒரு காலத்தில் எனக்கு அடுத்த மெஷினில் தைத்தவர். இப்போது பக்கத்தில் நெருப்பெரிச்சல் என்ற ஊரில் சொந்தத் தையல் யூனிட், மாடி வீடு. நன்றாக வந்துவிட்டார், அதில் எனக்கு வருத்தமில்லை. அவர்கள் மகளின் நான்காவது பிறந்த நாளுக்குப் போயிருந்தபோதுதான் எல்லாம் தொடங்கியது. கோயமுத்தூரிலிருந்து இரண்டு அடுக்குக் கேக் ஒன்று வந்திருந்தது. எல்லோரும் படம் எடுத்தார்கள். நான் கிட்டப் போய் ஓரத்தைப் பார்த்தேன். கீழ் விளிம்பில் கிரீமால் சங்கிலி போல ஒரு கரை ஓடியது. எனக்குத் துணி ஓரம் பிரியாமல் அடிக்கும் ஓவர்லாக் தையல்தான் ஞாபகம் வந்தது. சீராக ஓடி வந்து ஒரு இடத்தில் மட்டும் நூல் இழுத்தது போலக் கோணியிருந்தது. என்னையறியாமல் சொல்லிவிட்டேன், இது நம்ம கைக்கும் வருமுங்க என்று.

மாப்பிள்ளை சிரித்தார். “உட்டா எங்க மச்சான் கேக்குக்கும் ஓரம் மடிச்சு ஹெம் அடிச்சுருவாருங்க.”

அவருடைய அம்மா, எனக்கு அத்தை முறை, சோபாவில் உட்கார்ந்தபடியே சொன்னார்: “டெய்லர் மாமன் செய்யற கேக்கைத் தின்னா நூல் வந்து பல்லுல மாட்டிக்கும் கண்ணு.”

அறை முழுக்கச் சிரித்தது. அவர்கள் சிரித்தது பெரிதில்லை. என் தங்கையும் சிரித்தாள். அவளுடைய பள்ளிக்கூடச் சீருடையெல்லாம் நான் தைத்துக் கொடுத்தவை.

அடுத்த வாரமே கேக் அலங்காரம் சொல்லிக்கொடுக்கும் இடம் ஒன்றைத் தேடிப் போனேன். மாடிப்படி ஓரத்தில் ‘மகளிருக்கு மட்டும்’ என்று போட்டிருந்தது. எதிர்ப்புறம் ஒரு டீ குடித்தேன். படியில் பெண்கள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகளிருக்கு மட்டும் இல்லையென்றாலும் நான் ஏறியிருக்க மாட்டேன் என்பது எனக்கே தெரியும். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் ஃபோனில் வீடியோ பார்த்துக் கற்க முடியாது. லைன் வீட்டுச் சுவர் ஒன்றுதான், இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். ராயபுரத்தில் பழைய பேப்பர் கடையில் ஒரு சமையல் புத்தகம் கிடைத்தது. அட்டை இல்லை, முதல் சில பக்கமும் இல்லை. கேக், பிஸ்கட், கிரீம் வேலை எல்லாம் தமிழில், பக்கத்துக்குப் பக்கம் கோட்டுப் படத்தோடு இருந்தது. எழுதியவர் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அந்தப் புத்தகம் சத்தம் போடாது. ஒரு வரி புரியவில்லையென்றால் எத்தனை நேரம் வேண்டுமானாலும் அதே வரியில் காத்திருக்கும். என்னைப் பார்த்துச் சிரிக்கவும் சிரிக்காது.

ஞாயிற்றுக்கிழமைகளில் செய்தேன். ஓவன் கிடையாது. குக்கரில் வாஷரையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அடியில் உப்பைக் கொட்டி, அதன்மேல் பாத்திரத்தை வைத்தேன். புத்தகம் எல்லாவற்றுக்கும் முட்டை கேட்டது. எங்கள் வீட்டில் கிருத்திகை, சஷ்டி போக எஞ்சிய நாளிலும் முட்டை அடுப்படிக்குள் வராது. கடைசியில் முட்டை இல்லாமல் தயிர் ஊற்றிச் செய்யும் முறை ஒன்று இருந்தது. அதையே திரும்பத் திரும்பச் செய்தேன். முதல் மூன்று கேக்குகளும் நடுவில் குழி விழுந்தன. மனைவி வந்து பார்த்தாள். கைப்பையிலிருந்து அம்பு ஸ்டிக்கரை எடுத்து, தட்டின் ஓரத்தில் குழியைக் காட்டி ஒட்டிவிட்டு டீ போடப் போனாள்.

கேக் ஒருவழியாக வந்தது. அலங்காரம் வரவில்லை. கிரீம் பிழிய வெண்ணெய்த்தாளைக் கூம்பாகச் சுருட்டச் சொன்னது புத்தகம். தாள்தானே என்று கட்டிங் டேபிளில் வீணாகப் போட்டிருந்த மார்க்கர் பேப்பரைக் கொண்டுவந்து சுருட்டினேன். துணி வெட்டுவதற்கு அளவுக் கோடு அச்சடித்து வருமே, அந்தத் தாள். மை கிரீமில் ஏறிவிட்டது. என் முதல் ரோஜாப்பூவின் இதழில் எக்ஸ்எல் என்ற எழுத்து தலைகீழாக வந்தது. அன்றைக்கு மனைவி அம்பு ஒட்டவில்லை. சுவரில் சாய்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பக்கத்து வீட்டுத் திருநெல்வேலிக்கார அம்மா எட்டிப் பார்த்து, “என்ன அண்ணாச்சி, பேக்கரி போடப் போறியளோ?” என்றாள். ஆக, சுவருக்கு அந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதற்கு மேல் மறைப்பதற்கு ஒன்றுமில்லை என்று ஆனதும் கை கொஞ்சம் லேசானது.

தங்கை மகளுக்கு, என் மருமகளுக்கு, காது குத்து வைத்தார்கள். எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். அதற்கு முன்னால் மாமன் வீட்டார் சீர்த்தட்டுகளை மண்டப வாசலிலிருந்து மேளத்தோடு உள்ளே கொண்டுபோக வேண்டும். பழம், பூ, பட்டுப்பாவாடை, இனிப்பு என்று வரும். இந்தக் காலத்தில் ஒரு தட்டில் கேக்கும் வருகிறது. தட்டில் என்ன இருக்கிறது என்று ஊரே பார்க்கும். பார்த்ததை வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டும் இருக்கும்.

தங்கை ஃபோன் செய்தாள். நான் வீட்டில் கேக் பழகுவது அவள் காதுக்கும் போயிருந்தது.

“கேக்கு மட்டும் நானே ஆர்டர் சொல்லிர்றனுங்ணா. உங்க தட்டுல வந்துரும். யாருக்கும் தெரியாது.”

“எனக்குத் தெரியுமே கண்ணு” என்றேன்.

என் மருமகளுக்கு நான் வைக்கும் சீரை அவளே வாங்கி, என் கையில் கொடுத்து, நான் அதைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. மாமன் தட்டில் வரும் கேக் மாமன் செய்ததாகத்தான் இருக்கும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

மண்டபத்தில் மின்விசிறியும் வெயிலும்தான் இருக்கும். கிரீம் கேக் நிற்காது. அதனால் புத்தகத்தில் ‘சர்க்கரைப் போர்வை’ என்று போட்டிருந்ததைச் செய்யத் தீர்மானித்தேன். பொடித்த சர்க்கரையும் குளுக்கோஸும் கடல்பாசியும் சேர்த்துப் பிசைந்து, சப்பாத்தி போல உருட்டி, கேக்கின் மேல் போர்த்துவது. ஒரே விரிப்பாகப் போர்த்த வேண்டும் என்றது புத்தகம். என் சப்பாத்திப் பலகையில் அவ்வளவு பெரிய விரிப்பு வராது. வராவிட்டால் என்ன, சட்டையை ஒரே துணியிலா தைக்கிறோம்? மேல் வட்டத்துக்கு ஒன்று, சுற்றுப் பக்கத்துக்கு இரண்டு என்று பேப்பரில் பேட்டர்ன் வெட்டினேன். டேப்பால் அளந்தேன். தையலுக்குக் கால் இஞ்ச் விட்டேன். துவைத்தால் சுருங்கும் என்று அதற்கும் சேர்த்துக் கூட்டினேன்.

எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அது தவறென்றே தோன்றவில்லை. பனியன் துணியை யார் வெட்டினாலும் சுருக்கத்துக்குக் கூட்டித்தான் வெட்டுவார்கள். கை தன்னால் கூட்டிவிட்டது. சர்க்கரை சுருங்கவில்லை. தன் கனத்திலேயே இழுபட்டு இறங்கியது. சாயங்காலத்துக்குள் போர்வை கீழே வந்து தட்டில் மடிப்பு மடிப்பாக நின்றது.

மனைவி வேலைப்பையைக் கழற்றாமலே பார்த்தாள். “ஏனுங்க, கேக்குக்குப் பாவாடை அவுந்து போச்சுங்க” என்றாள். அன்றைக்குத் தட்டைச் சுற்றி ஏழு அம்பு.

அடுத்த ஞாயிறு பேட்டர்னை டேப் காட்டிய அளவைவிடக் கால் இஞ்ச் குறைத்து வெட்டினேன். பக்கத் துண்டு இழுபட்டு இறங்கி விளிம்பில் சரியாக வந்து நின்றது. புத்தகத்தில் இது இல்லை. பென்சிலை எடுத்து அந்தப் பக்கத்தின் ஓரத்தில் எழுதினேன்: ‘துணிக்குக் கூட்டி வெட்டு. சர்க்கரைக்குக் குறைத்து வெட்டு.’ அச்சடித்த புத்தகத்தில் நான் எழுதிச் சேர்த்த முதல் வரி அது.

துண்டுகள் சேருமிடத்தில் கோடு தெரிந்தது. பூ வைத்து மறைத்துவிடலாம் என்றது புத்தகம். நான் மறைக்கவில்லை. தையலை மறைக்க நான் எதற்கு டெய்லர்? மெல்லிய கூம்பில் அரக்கு நிறம் கலந்து, கோட்டின் மேலேயே ஃப்ளாட்லாக் தையல் போட்டேன். இரண்டு இணைக்கோடு, நடுவில் பின்னல். மெஷின் போடுவதைக் கையால் போடுவது லேசில்லை. முதலில் எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து அதன்மேல் பழகினேன். போட்டுக் கழுவி, போட்டுக் கழுவி, ஆறு வாரம். ஓர் இஞ்சுக்குள் எத்தனை பின்னல் வருகிறது என்று டேப் வைத்து எண்ணினேன். ஆரம்பத்தில் ஓர் இஞ்சுக்கு நாலு, அடுத்த இஞ்சுக்கு ஏழு என்று வந்தது. ஆறாவது வாரம் எங்கே அளந்தாலும் ஆறு.

மேலே நடுவில் ஒரு சர்க்கரை ரோஜா வைத்து எல்லாம் முடிந்த பிறகு ஒன்று குறைவதாகத் தோன்றியது. தைத்து முடித்த துணிக்குக் கடைசியில் லேபிள் வரும். பத்து வருடமாக நான் வைத்த லேபிள்களில் பாதியை எனக்குப் படிக்கக்கூடத் தெரியாது. எந்தெந்த நாட்டுக் கடைப் பெயரோ. தைத்தது நாங்கள், பெயர் அவர்களுடையது. அது வேலை, அதில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் இந்தக் கேக் யாருடைய ஆர்டரும் இல்லை. சர்க்கரையில் ஒரு சின்னப் பட்டை வெட்டி, இரண்டு ஓரமும் மடித்து, ‘மாமன் செய்தது’ என்று எழுதி, முன்பக்கம் எல்லோருக்கும் தெரியும் இடத்தில் வைத்தேன்.

காது குத்துக்கு முந்தின நாள் லீவு போட்டுச் செய்தேன். எறும்பு வராமல் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் கேக்குத் தட்டை வைத்தேன். காலையில் ஆட்டோவில் மனைவி மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு வேகத்தடைக்கும் டிரைவரிடம் “மெதுவா சாமி” என்றாள். அவர் வடக்கத்திக்காரர், என்ன புரிந்ததோ, மெதுவாகத்தான் ஓட்டினார்.

முருகன் கோயிலில் பூசை முடித்து எல்லோரும் மலைக்குக் கீழே இருந்த மண்டபத்துக்கு வந்திருந்தார்கள். வாசலில் தட்டுகளை வரிசையாகத் தயார் செய்துகொண்டிருந்தோம். தங்கை வந்து மூடியைத் தூக்கிப் பார்த்தாள்.

“நீங்களேதான் செஞ்சீங்களாண்ணா?”

ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் முகம் மலர்ந்தது. அந்த ஒரு நிமிடத்துக்காக நான் எத்தனை ஞாயிற்றுக்கிழமை வேண்டுமானாலும் கொடுப்பேன். அப்புறம் அவள் லேபிளைப் பார்த்தாள்.

“இதை மட்டும் எடுத்துர்லாமுங்ணா. யாராச்சும் கேட்டா கோயமுத்தூர்ல சொல்லிச் செஞ்சதுன்னு சொல்லிக்கலாம். அப்பிடித்தான் இருக்குது. ஒருத்தரும் சந்தேகப்பட மாட்டாங்க.”

பாராட்டாகத்தான் சொன்னாள். கடைக் கேக் என்று சொன்னால் நம்பும்படி நான் செய்திருக்கிறேன். என் பெயர் மட்டும் அதில் இருக்கக் கூடாது.

“எடுக்க மாட்டேன் கண்ணு” என்றேன்.

“வீம்பு புடிக்காதீங்ணா. எங்க மாமியா என்ன சொல்லுவாங்க? மாமன் ஊட்டுக்காரங்க கடையில வாங்க வக்கில்லாம ஊட்டுலயே கிண்டிக் கொண்டாந்துட்டாங்கன்னு பேச மாட்டாங்களா?”

“பேசட்டும்.”

மேளக்காரர்கள் தொடங்கிவிட்டார்கள். பழத்தட்டும் பூத்தட்டும் எடுத்தவர்கள் நகர்ந்தார்கள். நான் கேக்குத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றேன். தட்டு நல்ல கனம். தங்கை என் மனைவி பக்கம் திரும்பி, நீங்களாவது சொல்லுங்க அண்ணி என்றாள்.

மனைவி கேக்கை ஒரு சுற்றுப் பார்த்தாள். பார்க்க வேண்டியதே இல்லை, இருந்தாலும் பார்த்தாள். “நேத்தே செக் பண்ணிட்டேன் கண்ணு. அம்பு ஒட்ட எடமில்ல” என்றாள்.

முன்னால் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேளம் ஒரு தடுமாற்றத்துடன் நின்றது. என்னை இத்தனை பேர் ஒரே நேரத்தில் பார்த்தது என் கல்யாணத்தில்தான். அன்றைக்கும் எனக்கு உள்ளங்கை வேர்த்தது. இப்போது தட்டு இருந்ததால் துடைக்கவும் வழியில்லை. மாப்பிள்ளை மேடையிலிருந்து இறங்கி வந்தார். காது குத்தும் ஆசாரி உட்கார்ந்துவிட்டார், நல்ல நேரம் முடியக் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது என்றார். என்ன விஷயம் என்று கேட்டார். தங்கை லேபிளைக் காட்டினாள்.

நான் சொன்னேன்: “இந்த எழுத்தோட தட்டு உள்ள போச்சுன்னா நானும் வர்றனுங்க மாப்ள. இல்லீன்னா மடிக்கு வேற ஆளைப் பாத்துக்குங்க.”

சொந்தக்காரர்கள் நடுவில் நான் பேசியதில் அதுதான் நீளமானது. வார்த்தை வெளியே வந்துவிட்டது, திரும்ப எடுப்பதாக இல்லை. வேறு தாய்மாமன் இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவர் குனிந்து பார்த்தார். லேபிளைப் பார்க்கவில்லை, அரக்கு நிறத் தையலைப் பார்த்தார். பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருந்த காலத்துக் கண் அவருக்கு இன்னும் போகவில்லை.

“ஃப்ளாட்லாக்குங்களா மச்சா?”

“ஆமாங்க.”

“கையிலயா?”

“கையிலதானுங்க.”

அவர் நிமிர்ந்து வாட்சைப் பார்த்தார். தங்கையிடம், “இருக்கட்டும் விடு, நேரம் போவுது” என்றார். என் பக்கம் நியாயம் இருக்கிறது என்று அவர் ஒன்றும் சொல்லவில்லை. நேரம் போனதால்தான் விட்டார். எனக்கு அது போதும். லேபிள் முன்னால் தெரியும்படி தட்டைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, மண்டபத்தின் நடுவே மெதுவாக நடந்தேன். இரண்டு பக்கமும் படிப்பது தெரிந்தது. சிலர் வாய் அசைத்தே படித்தார்கள்.

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டேன். முதல் காது குத்தியதும் வீறிட்டாள். இரண்டாவது காதுக்குத் தலையைத் திருப்பவே விடவில்லை. ஆசாரி என்னைப் பார்த்தார், நான் பக்கத்திலிருந்த தட்டைப் பார்த்தேன். அவள் அழுதபடியே கையை நீட்டினாள். ரோஜாவைத் தொடவில்லை, தையலைத் தொடவில்லை. லேபிளைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். சப்புகிற நேரத்தில் இரண்டாவது காதும் முடிந்தது. மேடையில் எல்லோரும் சிரித்தார்கள். தங்கையும் சிரித்தாள். இந்த முறை நானும் சிரித்தேன். லேபிள் போனால் போகட்டும். படிக்க வேண்டியவர்கள் படித்தாகிவிட்டது. பிய்த்தவள் அதற்கு உரிமைக்காரி.

பந்தியில் அத்தை இரண்டாவது துண்டு கேட்டு வாங்கினார். தின்று முடித்து, நாக்கால் பல்லைத் துழாவிவிட்டு, “நூலொண்ணும் வரல கண்ணு” என்றார். அதற்கு மேல் அவரிடம் நான் எதிர்பார்க்கவில்லை.

தங்கை ரொம்ப நாள் ஃபோன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. அவள் மாமியார் வீட்டுப் பக்கம் என்னென்ன பேசினார்கள் என்பது அங்கங்கே சுற்றி என் காதுக்கு வந்தது. வக்கில்லாத மாமன் என்பதும் அதில் இருந்தது. திமிர் பிடித்த டெய்லர் என்பதும் இருந்தது. இரண்டாவதை என்னைப் பற்றி இதுவரை யாரும் சொன்னதில்லை. மனைவியிடம் சொன்னபோது அவள் அதை மறுக்கவில்லை.

போன மாதம் ஃபோன் வந்தது. தங்கை இல்லை, அத்தை. அவருடைய இளைய மகன் வீட்டுப் பேரனுக்குப் பிறந்த நாளாம்.

“அதே மாதிரி ஒண்ணு செஞ்சு குடு கண்ணு. எழுத்து மட்டும் வேண்டாம்.”

“எழுத்தோடதானுங்க அத்தை வரும்.”

அத்தை அந்தப் பக்கம் டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லி யாரையோ அதட்டினார். நான் ஃபோனை வைக்கவில்லை. வேண்டுமென்றால் அவர்தான் வைக்க வேண்டும்.

“செரி, முன்னால வேண்டாம். பின்னால பக்கமா வெய்யி” என்றார்.

அதற்கு நான் ஒப்புக்கொண்டேன். லேபிள் பின்கழுத்தில்தான் வரும். பத்து வருடமாக அங்கேதான் தைக்கிறேன்.